பதிவேட்டில் பெய்த மழை

என் திருமணத்தன்று மழை பெய்யவில்லை. 1972, வைகாசி, வெள்ளிக்கிழமை, காலை முகூர்த்தம். பந்தலை விட்டுத் தெருவில் கால் வைத்தவர்கள் சூடு பொறுக்காமல் குதித்துக் குதித்து நடந்தார்கள். இதில் எனக்கோ என் மனைவிக்கோ எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஓர் ஊர்க்கூட்டத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று இதை நான் அறிவிக்க வேண்டியதாயிற்று.

நெசவாளர் சங்க வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நூல் இருப்பைச் சரிபார்ப்பதும் போர்வைகளைத் தரம் பிரிப்பதும் மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். அவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. என் வேலைக்காலத்தில் நான் செய்த தவறுகளில் பெரியதைச் சொல்கிறேன். அந்தத் தவறை ஒரு சோம்பேறி செய்திருக்க முடியாது. அதற்கு நல்ல உழைப்பு வேண்டும்.

எங்கள் ஊர் சென்னிமலைக்குப் பக்கம். வீட்டுக்கு வீடு போர்வைத் தறி. தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ் போட்டு, காயவைத்துச் சுருட்ட வேண்டும். எட்டுப் பத்துப் பேர் கூடிச் செய்கிற வேலை. விடியலில் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடியும். நடுவில் ஒரு தூறல் விழுந்தால் போதும், கஞ்சி கரைந்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். ஆகவே மழை நாளில் பாவு ஓடாது.

சங்கத்தில் நூல் வாங்கியவர் இன்ன நாளுக்குள் போர்வையைக் கொண்டுவர வேண்டும் என்று கெடு உண்டு. கெடு தவறினால் அடுத்த பாவுக்கு அவர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். அதுவரை தறி சும்மா நிற்கும். மழையால் பாவு ஓடாத நாளுக்கு மட்டும் கெடுவை ஒரு நாள் நீட்டித் தரலாம் என்பது விதி. இதற்கென்றே ஒரு பதிவேடு. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி. வரியின் கடைசியில் ‘மழை’ என்று தலைப்பிட்ட ஒரு கட்டம்.

எனக்கு முன் செயலாளராக இருந்தவர் அந்தப் பதிவேட்டை யாரிடமும் கொடுக்க மாட்டார். பச்சை மையில் தானே எழுதுவார். நான் அப்போது நூல் கிடங்கில் இருந்தேன். 1985இல் அவர் ஓய்வு பெற்றதும் நான் செயலாளரானேன், பதிவேடு என் கைக்கு வந்தது. எனக்குத் தேதிகளில் ஒரு பித்து உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன். பழைய பஞ்சாங்கங்களை வருட வாரியாகக் கட்டி வைத்திருப்பவன். கிளை நூலகத்தில் வரலாறும் அறிவியலுமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, படித்த தேதியையும் குறித்துக்கொள்பவன். அப்படிப்பட்டவனிடம் ‘மழை’ என்ற கட்டத்தைக் கொடுத்தால் என்ன செய்வான்? தினமும் விடியலில் தெருவில் நின்று உள்ளங்கையை நீட்டினேன். துளி விழுந்தால் எழுதினேன். விழாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

1997க்கு வருகிறேன். உள்ளாட்சித் தேர்தல் முடிந்து ஓராண்டு ஆகவில்லை. பூமி சூடாகிறது, பருவம் தப்புகிறது, இது பற்றிப் பேச ஆண்டுக் கடைசியில் உலக நாடுகள் ஜப்பானில் கூடப்போகின்றன என்று செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் டீக்கடையிலும் இதே பேச்சு. மலை மேல் மேகம் இறங்குவதே இல்லை என்பார் ஒருவர். உனக்குக் கண் மங்கிவிட்டது என்பார் இன்னொருவர். கஞ்சி போட்டுத் திரும்புவதற்குள் பாவு காய்ந்துவிடுகிறது, வெயில் அப்படி மாறிவிட்டது என்றார் ஒரு நெசவாளர்.

“தண்ணியாக் கஞ்சி காச்சினா காயாம என்னங்க பண்ணும்?” என்று பக்கத்து பெஞ்சிலிருந்து பதில் வந்தது. அதோடு அன்றைய வாதம் முடிந்தது. மறுநாள் மறுபடி தொடங்கியது.

இந்தப் பேச்சு வெறும் பேச்சாக இல்லாமல் போனதற்குக் காரணம் பாவடி. ஊருக்கு வெளியே பாவு ஓட்டுவதற்கென்று பழைய காலத்தில் விட்ட புறம்போக்கு நிலம் அது. மேடும் பள்ளமுமாய்க் கிடந்ததால் யாரும் பயன்படுத்தவில்லை. அரசுத் திட்டம் ஒன்றில் அங்கே நீளமான கூரைக் கொட்டகை கட்டித் தருவதாக இருந்தார்கள். கொட்டகை வந்தால் மழையிலும் பாவு ஓட்டலாம். பேரூராட்சி நிலத்தை ஒதுக்கித் தீர்மானம் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பேரூராட்சித் தலைவருக்கு அந்த இடத்தில் கடைகள் கட்ட ஆசை. ஐப்பசி பிறப்பதற்குள் தீர்மானம் போகாவிட்டால் கொட்டகை வேறு ஊருக்குப் போய்விடும்.

தொடக்கத்தில் தலைவரின் கட்சி எது என்றால், எதுவும் மாறவில்லை என்பது.

“பூமி சூடாகுதுங்கறதெல்லாம் பேப்பர்காரங்க கெளப்பி உடறதுங்க. எங்கய்யன் காலத்து வெயில்தான் இன்னிக்கும் அடிக்குது, எங்கய்யன் காலத்து மழைதான் இன்னிக்கும் பேயுது. அவங்கெல்லாம் கூரை கேட்டாங்களா?” என்பார்.

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் நெசவாளர் பக்கம். அவர் வாதம் தலைகீழ். பருவம் தாறுமாறாகிவிட்டது, எப்போது மழை வரும் என்று தெரியவில்லை, ஆகவே கூரை வேண்டும் என்பார்.

இந்த நேரத்தில்தான் கோவையிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்தார். ஊர் ஊராகப் போய் இந்த விஷயத்தை மக்களிடம் பேசிவந்தார். நிதானமானவர், படித்த கர்வம் இல்லாதவர். உள்ளூரில் பழைய மழைக் குறிப்பு ஏதாவது உண்டா என்று விசாரித்திருக்கிறார். எல்லாரும் என்னைக் காட்டியிருக்கிறார்கள்.

நான் பதிவேடுகளை இறக்கினேன். அறுபதுகளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தது. பேராசிரியரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தூசியோடு மடியில் வைத்துக்கொண்டார். பதினெட்டு நாட்கள், அலுவலகம் முடிந்தபின் உட்கார்ந்து, மாதவாரியாக மழை நாட்களை எண்ணி அட்டவணை போட்டேன். இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தேன். முடிவு எனக்கே திகைப்பாக இருந்தது. எண்பதுகளின் நடுவிலிருந்து மழை நாட்கள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. தை, மாசியில் முன்பெல்லாம் பெய்த மழை அடியோடு நின்றுபோயிருந்தது.

“இதைவிடத் தெளிவாக் கண்ணுக்குத் தெரியணுமுங்களா?” என்றார் பேராசிரியர். பெரிய அட்டையில் வரைந்து, கீழே ‘தொகுத்தவர்’ என்று என் பெயரை எழுதினார். அந்த அட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அட்டை ஊருக்குள் போன ஒரே வாரத்தில் இரண்டு கட்சியும் இடம் மாறின. மழையே இல்லாத ஊருக்குக் கூரை எதற்கு என்று தலைவர் கேட்கத் தொடங்கினார். பூமி சூடாவதை ஊரிலேயே முதலில் கண்டுபிடித்தவர் போலப் பேசினார். எதிர்க்கட்சி உறுப்பினரோ, காலநிலையாவது மாறுவதாவது, எல்லாம் கட்டுக்கதை, மழை அப்படியேதான் பெய்கிறது என்றார். மனிதர்கள் கண்ணால் பார்த்து வாதாடுகிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர்கள் பாவடியைப் பார்த்துக்கொண்டுதான் வானத்தைப் பற்றிப் பேசினார்கள்.

புரட்டாசி இரண்டாம் ஞாயிறு பாவடியிலேயே ஊர்க்கூட்டம் என்று முடிவாயிற்று. என் அட்டவணையை அங்கே படிப்பதாக ஏற்பாடு. நெசவாளர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சங்கத்துக்கு வந்து நூல் வாங்கிக்கொண்டு, தலையாட்டிவிட்டுப் போனார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. ஆனால் உண்மை உண்மைதானே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

முந்தைய வியாழக்கிழமை, ஊர் ஆட்களுக்குப் புரியும்படி தமிழ் மாதத் தேதிகளையும் சேர்த்து ஒரு நல்ல படி எழுத உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்கே அப்படி இருந்தால்தான் திருப்தி. பஞ்சாங்கத்தை ஒரு பக்கமும் பதிவேட்டை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு நாள் நாளாக வந்தேன். 1972 வைகாசி வந்தது. என் திருமண நாள் வந்தது. கட்டத்தில் பச்சை மையில் ‘மழை’.

மனைவியைக் கூப்பிட்டு, நம் கல்யாணத்தன்று மழை பெய்ததா என்று கேட்டேன்.

“ஏனுங்க, உங்க சித்தப்பா வெயில் தாங்காம பந்தியிலயே மயங்கி உழுந்தாரே, மறந்துபோட்டீங்களா? மழையாமா மழை” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அதன்பின் படி எழுதுவதை நிறுத்திவிட்டு, படிக்கத் தொடங்கினேன். தைப்பூசத்தைப் பார்த்தேன். அன்று ஊரே மலைக்குப் போய்விடும். தெருவில் பாவு இழுக்க ஆள் இருக்காது. பழைய செயலாளரின் காலத்தில் தைப்பூசத்தன்று மழை பெய்யாத ஆண்டே இல்லை. தேர்தல் சமயத்தில் எங்கள் தெருவை மறித்து மேடை போட்ட நாட்களை என் நாட்குறிப்பில் தேடினேன். மழை. தெருவில் யாராவது இறந்த நாட்கள் எனக்குத் தெரியும். பிணம் இருக்கும் தெருவில் பாவு ஓட்ட மாட்டார்கள். எல்லாம் மழை. மாசியில், பங்குனியில், கொதிக்கிற அக்கினி நட்சத்திரத்தில், சாவுக்குச் சாவு மழை பெய்திருந்தது.

பதினெட்டு நாள் உட்கார்ந்து நான் எண்ணியிருந்தேன். ஒரு நாளைக்கூடப் படிக்கவில்லை.

காலநிலை 1985இல் மாறவில்லை. 1985இல் நான் செயலாளரானேன்.

அன்று என் மனநிலை எப்படி இருந்தது என்று விவரிக்க மாட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேசாமல் இருந்தால், பொய்யான அட்டவணையால் கொட்டகை போய்விடும். பேசினால், பழைய செயலாளர் பொய் எழுதினார் என்று ஊரறியச் சொன்னதாகும். கைத்தறித் துறைக்கு ஒரு மனு போனால் போதும், எழுபது வயதில் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். என்னை நூல் கிடங்கிலிருந்து தூக்கி மேசைக்குக் கொண்டுவந்தவர் அவர்.

வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டு, கோபிசெட்டிபாளையத்தில் மகன் வீட்டில் இருந்த அவரைப் பார்க்கப் போனேன். வாய்க்கால் கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பதிவேட்டைத் திறந்து என் திருமண நாளைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பக்கத்தைக் கண்ணுக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“அன்னிக்குச் சாம்பார் நல்லா இருந்துச்சுங்க தம்பி” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழை பெய்யாத நாளுக்கு ஏன் மழை என்று எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“படிவத்துல ஒரு கட்டந்தானுங்க இருந்துச்சு. சாவுக்குன்னு ஒரு கட்டம் அடிச்சுக் குடுத்திருந்தா அதுல எழுதியிருப்பேன். மழை பேஞ்சதுக்கா நான் சாட்சி எழுதினேன்? பாவு ஓடாததுக்கு எழுதினேன்.”

அட்டவணையையும் பாவடியையும் பற்றிச் சொன்னேன். கூட்டத்தில் இதைச் சொன்னால் உங்கள் பெயர் கெடும் என்றேன்.

“எம்பேரு இத்தனை வருசம் நல்லாத்தான் இருந்துச்சு. மிச்சத்தை நீங்க பாத்துக்கங்க. சொல்லிப்போடுங்க, மறைக்க வேண்டாம்.” பிறகு பதிவேட்டை மூடிக் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டார்: “ஆமா, நீங்க சாவுக்கு என்னங்க எழுதினீங்க?”

“ஒண்ணும் எழுதலைங்க.”

“பன்னெண்டு வருசமா?”

“ஆமாங்க.”

அவர் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார். மருமகளைக் கூப்பிட்டு எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு இரண்டு பக்கமும் நெல் வயல். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. பழனாத்தாள் ஞாபகம்தான் வந்தது. நான் செயலாளரான மறு வருடம், மாமியார் இறந்த மறுநாள் சங்கத்துக்கு வந்து ஒரு நாள் கெடு கேட்டவள். நான் சன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, மழை பெய்யவில்லையே அம்மணி என்று சொன்னேன். அவள் திரும்பிப் போனாள். அந்த முறை அவள் பாவு வரிசையின் கடைசிக்குப் போயிற்று.

ஞாயிறன்று காலை பாவடியில் நல்ல கூட்டம். வேப்பமரத்து நிழலில் மேசை, ஒலிபெருக்கி. பேராசிரியர் முன்னதாகவே வந்திருந்தார். தொடங்குவதற்கு முன் அவரைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. அட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு, “நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்று மட்டும் கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

தலைவர் முதலில் பேசினார். மழை எப்படிக் குறைந்துவிட்டது என்பதை உருக்கமாக விளக்கி, செயலாளரின் அட்டவணையே சாட்சி என்று முடித்து, என்னைக் கூப்பிட்டார். நான் போய் நின்று, என் திருமணத்தன்று மழை பெய்யவில்லை என்று தொடங்கினேன். கூட்டம் ஒன்றும் புரியாமல் பார்த்தது. பதிவேட்டில் எழுதியிருப்பதைப் படித்தேன். தைப்பூசங்களைப் படித்தேன். இந்த அட்டவணை தவறு, எண்ணியவன் நான், தவறும் என்னுடையது, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன்.

தலைவர் எழுந்துவிட்டார்.

“அப்ப மழை கொறஞ்சுதா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க செயலாளரே.”

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். கூட்டத்தின் முன் நிற்கிறோம். குறையவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கொட்டகை நிச்சயம். நெசவாளர்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் ஒரு பொய் அட்டவணையை எடுத்த கையோடு இன்னொன்றை அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

“இந்தப் பதிவேட்டை வெச்சு எனக்குத் தெரியலைங்க” என்றேன்.

சலசலப்பு எழுந்தது. தலைவருக்கு அது போதுமானதாக இருந்தது. சங்கத்தில் இத்தனை வருடமாகப் பொய்ப் பதிவேடா எழுதினீர்கள், துறைக்கு எழுதிப்போடட்டுமா, பழைய செயலாளரை வரவழைத்துக் கேட்கட்டுமா என்றார். நான் பயந்தது அப்படியே நடந்தது.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து பழனாத்தாள் எழுந்தாள். ஒலிபெருக்கிக்கு வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினாள்.

“மழை எங்கீங்க கொறஞ்சுது? செயலாளர் மாறினாருங்க, அவ்வளவுதான். பழைய அய்யா காலத்துல ஒரு ஊட்டுல சாவு உழுந்தா எங்களுக்கெல்லாம் மழை. அது இந்தத் தெருவுல கைக்குழந்தைக்கும் தெரியுமுங்க. இவரு வந்தாரு, மழை நின்னுபோச்சு. சட்டம் மாறிப்போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டோம்.”

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, பாவடி முழுக்கப் பரவியது. நெசவாளர்கள் சிரித்தார்கள், டீக்கடைக்காரர் சிரித்தார், பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஊருக்கே தெரிந்த ஒன்றை, தேதி தேதியாகப் படித்த ஒருவன் மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறான். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்துபோனது போல இருந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு ஒன்று தோன்றியது. பதிவேட்டை மறுபடி திறந்தேன். மழைக்குத்தான் இது சாட்சி இல்லை. பாவு ஓடாத நாளுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்றேன். தெருவில் பாவு ஓட்டுகிறோம். அதே தெருவில்தான் கல்யாணப் பந்தல், அதே தெருவில்தான் பாடை, தேர்தல் மேடை. மழை கூடினாலும் குறைந்தாலும் இந்த நாட்கள் போய்க்கொண்டேதான் இருக்கும். பாவடியில் கொட்டகை வந்தால் பந்தலுக்கும் மேடைக்கும் போகிற நாட்கள் மிஞ்சும், மழை வந்தால் அதுவும் மிஞ்சும். சாவு நாளுக்குக் கெடு நாம் கொடுக்க வேண்டியது, கொடுப்போம் என்றேன்.

பிறகு தலைவரைப் பார்த்து, பணிவாகவே, ஒரு பக்கத்தைப் படித்தேன். அவர் இளைஞராக இருந்தபோது அவர் கட்சி எங்கள் தெருவை அடைத்து மேடை போட்ட நாள். “உங்க மேடையும் மழையிலதானுங்க இருக்குது தலைவரே.”

அவரும் சிரித்துவிட்டார். அவரிடம் அந்த நல்ல குணம் உண்டு, அதை நான் எழுதியே ஆக வேண்டும். துறைக்கு எழுதுகிற பேச்சை அவர் பின்னர் எடுக்கவேயில்லை. மனு போட்டால் மேடைப் பக்கத்தையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டியிருந்திருக்கும். நிலத்தில் முன்பக்கம் ஒரு வரிசை கடை, பின்னால் நீளத்துக்குக் கொட்டகை என்று பேசி, அந்த வாரமே தீர்மானம் போட்டார்கள்.

கூட்டம் கலையும்போது நான் பழனாத்தாளிடம் போனேன். அன்றைக்கு உன் மாமியார் காரியத்தில் ஒரு நாள் நான் தந்திருக்க வேண்டும் அம்மணி என்றேன்.

“அதுக்கென்ன பண்றதுங்க. நீங்க சன்னல்ல எட்டிப் பாத்தீங்களே, அப்பவே எனக்குச் சிரிப்பு வந்துபோச்சு. எழவு ஊடாச்சேன்னு அடக்கிக்கிட்டேன்” என்றாள்.

பேராசிரியரை பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டேன். அட்டையைச் சுருட்டி என்னிடமே தந்தார். வருத்தம் தெரிவித்தேன். அவர் சொன்னதை அன்றே நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

“பூமி சூடாகறதுக்கு உங்க பதிவேடு தேவையில்லைங்க. அதுக்கு மானி வெச்சு அளந்த சாட்சி எத்தனையோ இருக்குது. தப்பான சாட்சியக் கூட்டிட்டுப் போயிருந்தா, நாளைக்கு நல்ல சாட்சியையும் நம்ப மாட்டாங்க. காப்பாத்திட்டீங்க.”

அவர் சொன்னது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். காலநிலை மாறுகிறதா என்பதில் எனக்கு அவரோடு வழக்கு இல்லை. டீக்கடையில் எல்லாரும் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்று சண்டை போட்டார்கள். எனக்கு மட்டும் பச்சை மையில், எண்ணிக்கையில், பளிச்சென்று தெரிந்தது. தெரிந்தவனாகிய நான்தான் தவறு. உங்கள் மேசைக்கு ஒரு பழைய பதிவேடு வந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன், எழுதியவர் கையில் எத்தனை கட்டம் இருந்தது என்று பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு நாளைத் தேடி, அது அங்கே எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நான் முதல் நாளே என் கல்யாணத்தைத் தேடியிருக்கலாம்.

புதுப் பதிவேட்டில் ‘மழை’க்குப் பக்கத்தில் ‘வேறு காரணம்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டு, கெடு விதியையும் திருத்தியது. அதற்குப் பின் யாரும் மழைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பழைய செயலாளருக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தேன். பதில் அட்டையில் ஒரே வரி: ‘கட்டம் அகலமாக இருக்கட்டும்.’

கடைசியாக ஒரு திருத்தம். 1999இல் நான் ஓய்வு பெற்ற நாளில் பழனாத்தாள் தெருவில் யாரும் பாவு போடவில்லை. எல்லாரும் சங்கத்துக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் சாவியைக் கொடுக்கப் போனபோது, வழக்கம் விடாமல் பதிவேட்டைப் புரட்டினேன். ‘வேறு காரணம்’ காலியாக இருந்தது. ‘மழை’ என்ற கட்டத்தில் ‘மழை’ என்று எழுதியிருந்தது. புதுச் செயலாளரைப் பார்த்தேன். பழனாத்தாள் அக்கா அப்படித்தான் எழுதச் சொன்னார்கள் என்றார். அடித்துத் திருத்தப் பேனாவை எடுத்தேன். பிறகு, இனி அது என் பதிவேடு இல்லை என்பது நினைவுக்கு வந்து, பேனாவை மூடிவிட்டேன்.

உங்களில் யாராவது பின்னால் ஒரு நாள் அந்தப் பதிவேட்டை எடுத்து மழை நாட்களை எண்ணக்கூடும். அவர்களுக்காக இங்கே குறித்து வைக்கிறேன். அன்று நல்ல வெயில்.